நகரப் படலமும் நதியின் திசையும்

தமிழ்ப் பெருங்காப்பியம் ஒன்றைத் திறப்போர் முதலில் சந்திப்பது பெரும்பாலும் காப்பியத் தலைவனை அன்று. ஒரு நாட்டையும் அதன் தலைநகரையுமே. நாட்டுப் படலம், அதனைத் தொடர்ந்து நகரப் படலம் என்பது பிற்காலக் காப்பியங்களுக்கு ஏறத்தாழ விதியாகவே அமைந்துவிட்டது. தண்டியலங்காரமும் பெருங்காப்பியத்துக்குரிய உறுப்புகளைக் கூறுமிடத்தில் மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றின் வருணனையைச் சேர்த்தே கூறுகிறது. கம்பர் இன்னும் ஒரு படி முன்னே சென்று ஆற்றுப் படலத்தை முதலில் வைத்தார். அயோத்தியைக் காணுமுன் நாம் சரயு நதியைக் காண்கிறோம். இப்படலங்களைக் கதைக்குப் புறம்பானவை எனக் கருதிப் புரட்டிவிட்டுச் செல்லும் வழக்கம் மாணவரிடையே உண்டு. அவ்வாறு செய்வது இழப்பு என்பது நம் கருத்து. ஒரு சமுதாயம் நன்னகர் என்று எதை நினைத்தது, அந்நகர் எதனால் வாழ்வதாக எண்ணியது என்பதை அறிய இவற்றைக் காட்டிலும் நல்ல சான்று நமக்கு இல்லை.

பிற சமயத்தாரின் திருநகர்களையும் தமிழ் இவ்விதமே பாடிற்று. இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. தமிழில் இஸ்லாமியப் பெருங்காப்பியமாகிய சீறாப்புராணமும், கிறிஸ்தவப் பெருங்காப்பியமாகிய தேம்பாவணியும் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரத்தோடு தொடர்புடையன. சீறாவைப் பாடிய உமறுப் புலவர் கோவில்பட்டிக்குக் கிழக்கேயுள்ள எட்டயபுரத்தில் வாழ்ந்தவர். சமஸ்தானப் புலவரான கடிகைமுத்துப் புலவரின் மாணவர். அவரது அடக்கத்தலமும் அவ்வூரிலேயே உள்ளது. தேம்பாவணியை இயற்றிய வீரமாமுனிவர் 1710-ஐ ஒட்டித் தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய இடங்களுள் ஒன்று கோவில்பட்டிக்கு அருகேயுள்ள காமநாயக்கன்பட்டி. மூன்றாவதாக நம் சபையாருக்கு நெருக்கமான இரட்சணிய யாத்திரிகத்தைச் சொல்ல வேண்டும். அதன் ஆசிரியர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பிறந்தது கரிசலில் அன்று, திருநெல்வேலிக்கு அருகேயுள்ள கரையிருப்பில். ஆயினும் அவர் நூல் கரிசல் திருச்சபைகளில் நெடுங்காலம் ஒலித்தது.

கரிசல் நிலம் எத்தகையது என்பதை இங்கே சொல்லிவிடுவது நலம். பேராறு எதுவும் அதன் ஊடே ஓடுவதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கம்பு, சோளம், உளுந்து, பருத்தி, மிளகாய் ஆகியன விளைகின்றன. மழை பெய்தால் மண் காலைப் பற்றிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் இம்மண்ணின்மேல் எழுப்பிய சுவர் விரைவில் கீறல் விடும். ஆகவே வீடு கட்டுவோர் கரிசலை அகழ்ந்து அடியிலுள்ள கெட்டி நிலத்தைத் தொட்ட பின்னரே அஸ்திபாரம் இடுகின்றனர். அஸ்திபாரங்களுள்ள நகரத்துக்காக ஆபிரகாம் காத்திருந்தான் என எபிரெயருக்கு எழுதின நிருபம் கூறுவதை இந்நிலத்து மக்களுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த நிலத்திலிருந்து உமறுப் புலவர் மக்கமா நகரைப் பாடினார். 5,027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்தில் விலாதத்துக் காண்டம் நாட்டுப் படலத்தோடும் நகரப் படலத்தோடுமே தொடங்குகிறது. மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது, வெள்ளம் பெருகி இறங்குகிறது, வயல்கள் நிரம்புகின்றன, உழவும் நடவும் அறுவடையும் நடைபெறுகின்றன. பின்னர் மாடங்களும் கடைவீதிகளும் நிறைந்த நகரம் தோன்றுகிறது. மெய்யான மக்காவோ பயிர் விளையாத பள்ளத்தாக்கு. குர்ஆனும் அதனை அவ்வாறே கூறுகிறது. சம்சம் என்னும் கிணற்றைக் கொண்டே அவ்வூர் பிழைத்தது. இதை உமறுப் புலவர் அறியாதிருந்தார் என நினைக்க இடமில்லை. வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஒருவர் மற்றொரு வறண்ட நிலத்தைப் பாடும்போது இரண்டிலும் இல்லாத நதியைப் பாட்டில் ஓடவிட்டார்.

வீரமாமுனிவர் செய்ததும் இதுவே. 1726-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றதாகக் கூறப்படும் தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் உடையது. முதற்படலம் சூதேய நாட்டைப் பாடுகிறது, இரண்டாம் படலம் எருசலேம் நகரைப் பாடுகிறது. அதன் பின்னரே தலைவனாகிய வளன், அதாவது யோசேப்பு, பிறக்கிறான். சூதேயாவில் மருத நிலம் செழிக்கிறது. இத்தாலியில் பிறந்த முனிவருக்குப் பலஸ்தீனத்தின் கல்லும் முள்ளும் தெரியாதவை அல்ல. (அவர் தம் கதைக்குப் பெரிதும் பயன்படுத்திய மூலநூலின் பெயரே ஒரு நகரம்தான் என்பது சுவையான செய்தி. ஸ்பானியத் துறவி ஆகிரேடா மரியாள் எழுதி 1670-இல் வெளிவந்த அந்நூலின் பெயருக்கு 'இறைவனின் மறைநகர்' என்று பொருள். அங்கே நகரம் என்பது இயேசுவின் தாயைக் குறிக்கும்.)

இத்தகைய வருணனைகளை வெறும் மரபு என்றும், இன்னும் கடுமையாகப் பொய் என்றும் தள்ளுவோர் உளர். சரித்திர எருசலேமைக் கற்பிக்க வேண்டிய இடத்தில் தஞ்சாவூரைக் கற்பித்தால் எவ்வாறு என அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் இக்குற்றச்சாட்டைத் தேம்பாவணியின்மேல் சுமத்துவோர் அதனைச் சங்கீதக்காரன்மேலும் சுமத்த வேண்டியிருக்கும். எருசலேமில் நதி கிடையாது. கெதரோன் மழைக்காலத்து ஓடை. நகரின் நிலையான நீர் கீகோன் ஊற்று ஒன்றே. அதன் நீரை நகருக்குள் கொண்டுவர எசேக்கியா அரசன் பாறையைக் குடைந்து அமைத்த வாய்க்கால் ஏறத்தாழ 533 மீட்டர் நீளமுள்ளது. அது சீலோவாம் குளத்தில் வந்து முடிகிறது. முற்றுகைக் காலத்தில் தாகத்தால் மடியாதிருப்பதற்காக வெட்டப்பட்ட சுரங்கம் அது. அத்தகைய நகரைப் பற்றித்தான் 46-ஆம் சங்கீதம் ஒரு நதி உண்டு எனவும், அதன் கால்வாய்கள் தேவ நகரத்தைச் சந்தோஷப்படுத்தும் எனவும் பாடுகிறது. இல்லாத நதியை நகரத்தில் ஓடவிட்ட முதற்கவிஞர் தமிழர் அல்லர்.

ஆகவே 'நதி மெய்யா பொய்யா' என்பதைக் காட்டிலும் 'நதி எங்கே பிறந்து எங்கே செல்கிறது' எனக் கேட்பதே பயன்தரும்.

தமிழ்க் காப்பிய மரபில் நீரின் பாதை ஏறத்தாழ மாறாதது. கடலிலிருந்து மேகம், மேகத்திலிருந்து மலை, மலையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து வயல், வயலிலிருந்து நகரம். படலங்களின் வரிசையே இதனைக் காட்டுகிறது. நாடு முன்னே வருகிறது, நகரம் பின்னே வருகிறது. நாட்டின் நெல்லும் கரும்பும் முத்தும் பொன்னும் கடைசியில் நகரத்தின் கடைவீதியில் குவிகின்றன. நகரம் பெறுகிற இடம். நாடு கொடுக்கிற இடம். இதில் ஒரு நேர்மை இருப்பதை மறுக்க இயலாது. உழவன் இன்றி நகரம் இல்லை என்பதை மாடமாளிகையைப் பாடுமுன்னரே புலவர் ஒப்புக்கொண்டு விடுகிறார். ஆனால் நகருக்குள் நுழைந்த பின் அந்த உழவனைக் காண்பது அரிது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மதுரையின் வீதிகள் வேளாளர் வீதி, வணிகர் வீதி, அரசர் வீதி, அந்தணர் வீதி என முறையாகப் பாடப்படுகின்றன. நடவு நட்ட பெண்ணும், நீர் பாய்ச்சிய பள்ளனும், செத்த மாட்டை அகற்றிய சக்கிலியனும் இந்நகரில் எவ்வீதியில் குடியிருந்தனர் என நாம் வினவினால் நகரப் படலத்தில் விடை கிடையாது. பாட்டில் அவர்களுக்கு வயல் உண்டு, வீதி இல்லை. கரிசல் சீமையின் நம் சபைகளில் பெரும்பகுதியினர் இம்மக்களின் வழிவந்தோர் என்பதை வாசகர் அறிவர்.

மெய்யான கோவில்பட்டியையும் இக்கண்ணோடு பார்க்கலாம். அது அரசன் இருந்த தலைநகர் அன்று. சுற்றுப்புறம் வந்து கூடும் சந்தை நகரம். நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அதன் வழியே செல்கின்றன. கரிசலின் பருத்தி அங்கு வந்து விதை நீக்கப்பட்டு நூலாயிற்று. 1901-இலேயே அங்கு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டதற்கு இப்பருத்தியும் மானாவாரிச் சாகுபடியுமே காரணங்கள். பின்னர் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயும் சேர்ந்துகொண்டது. வறண்ட வானிலை தீக்குச்சி உலர்வதற்கு ஏற்றது. மழையில்லாத நிலத்தில் கூலிக்கு ஆள் கிடைப்பதும் எளிது. இவ்விரண்டில் முந்தியதை மட்டும் நாம் பள்ளிப் பாடநூல்களில் படித்தோம். 1970, 1980-ஆம் ஆண்டுகளில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தின் சிற்றூர்களிலிருந்து விடியுமுன்னே பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றித் தீப்பெட்டி ஆலைகளுக்குக் கொண்டுசென்றது நாடறிந்த செய்தி. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், அதன் பின் வந்த பள்ளி முயற்சிகளும், இயந்திரங்களும் அந்நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளன. ஆயினும் நீரும் ஆளும் மையத்தை நோக்கியே செல்கின்றனர். அன்று கோவில்பட்டிக்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் செல்கின்றனர்.

வெளிப்படுத்தின விசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் இத்தகைய நகரத்தின் உச்ச வடிவைக் காண்போம். பாபிலோன் என்னும் பெயரால் ரோமாபுரி அங்கே நிற்கிறது. அந்நகருக்குள் வந்து இறங்கும் சரக்குகளின் பட்டியலை யோவான் பொறுமையாகத் தருகிறார். பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, தந்தம், தூபவர்க்கம், மது, எண்ணெய், கோதுமை, ஆடுமாடுகள், குதிரைகள், இரதங்கள். கடைசியில் அடிமைகளும் மனிதரின் ஆத்துமாக்களும். விலையுயர்ந்ததில் தொடங்கி விலைமலிந்ததில் முடியும் பட்டியல் இது. நகரப் படலம் பாடும் புலவர் இதே பட்டியலைப் புகழாகப் பாடியிருப்பார். யோவான் அதனையே புலம்பலாக மாற்றுகிறார். கப்பல் மாலுமிகளும் வணிகரும் தொலைவில் நின்று அழுகின்றனர். ஆறாம் அதிகாரத்தில் ஒரு படி கோதுமை ஒருநாள் கூலிக்கு விற்பதையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். தலைநகரில் சரக்குக் குவிகையில் நாட்டில் விலை ஏறுகிறது.

1678-இல் பனியன் தம் மாயச் சந்தையை அமைத்தபோது இப்பட்டியலை மனத்தில் கொண்டிருந்தார் என்பது தெளிவு. நம் 'மோட்சப் பிரயாணம்' வாசகர் மாயாபுரி என அறியும் அந்நகரில் வீடு, நிலம், பதவி, பட்டம் ஆகியவற்றோடு உயிரும் உடலும் ஆத்துமாவும் விலைக்கு வைக்கப்பட்டுள்ளன. கதையில் அந்நகரைக் கண்டு சிரித்துவிட்டு அப்பால் செல்வது நமக்கு எளிதாயிற்று. விடியற்காலைப் பேருந்தில் ஏறிய பிள்ளை எந்தச் சந்தையின் சரக்கு எனக் கேட்டவர்கள் அக்காலத்துப் பிரசங்கபீடங்களில் மிகச் சிலரே.

இனி எசேக்கியேல் 47-க்கும் வெளிப்படுத்தல் 22-க்கும் வருவோம். இவ்விரு அதிகாரங்களிலும் நீரின் பாதை தலைகீழாகிறது. எசேக்கியேல் காணும் நீர் மலையில் பிறந்து ஆலயத்துக்கு வரவில்லை. ஆலயத்தின் வாசற்படியின் கீழிருந்து புறப்பட்டுக் கிழக்கே செல்கிறது. ஆயிரம் முழத்தில் கணுக்கால் அளவு, அடுத்த ஆயிரத்தில் முழங்கால், அதற்கடுத்து இடுப்பு, பின்னர் நீந்தியன்றிக் கடக்க முடியாத நதி. துணையாறு ஒன்றும் சேராமலே அது பெருகுகிறது. அது போய்ச் சேரும் இடம் வளமான வயல் அன்று. யூதேயாவின் கிழக்குச் சரிவும் உப்புக்கடலும், அதாவது அந்நாட்டின் மிக வறண்ட மூலை. யோவானின் நகரில் ஆலயம் இல்லை; ஆகவே நதி தேவனும் ஆட்டுக்குட்டியானவரும் வீற்றிருக்கும் சிங்காசனத்திலிருந்தே புறப்படுகிறது. (கோவிலால் பெயர் பெற்ற பட்டியில் இருந்துகொண்டு கோவில் இல்லாத நகரைப் பிரசங்கிப்பது சற்று வேடிக்கையானதே.) அதன் கரையிலுள்ள விருட்சத்தின் இலைகள் நகரத்தாருக்கென்று சொல்லப்படவில்லை, ஜாதிகள் ஆரோக்கியமடைய என்று சொல்லப்படுகிறது. நாடு நகரத்தை ஊட்டிய மரபு இங்கே நகரம் நாட்டை ஊட்டுவதாக மாறிவிட்டது.

இதற்கு எதிராக ஒரு வசனத்தை எடுத்துக்காட்டலாம். பூமியின் ராஜாக்கள் தங்கள் மகிமையை அந்நகருக்குள் கொண்டுவருவார்கள் என்று 21-ஆம் அதிகாரம் கூறுகிறதே, அதுவும் உள்நோக்கிய ஓட்டம் அன்றோ? உண்மையே. ஆனால் அங்கே சரக்குப் பட்டியல் இல்லை, விற்போரும் வாங்குவோரும் இல்லை. வாசல்கள் பன்னிரண்டும் பகலில் அடைக்கப்படுவதில்லை. இரவோ அங்கு கிடையாது. சுங்கம் வாங்குவதற்கும் ஆளைத் தடுப்பதற்கும் பழங்கால நகரம் தன் வாசலைப் பயன்படுத்தியது. அடைக்கப்படாத வாசல் என்பது அவ்விரண்டையும் விட்டுவிட்ட நகரத்தின் அடையாளம். நகரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் பன்னீராயிரம் ஸ்தாதி என்னும் அளவும், பொன்வீதியும், முத்து வாசலும் நம் பிரசங்கங்களில் அளவுக்கு மீறி இடம் பெறுகின்றன. நகரப் படல மரபில் ஊறிய செவிக்கு அவை இனிமை தருவதால் இருக்கலாம். திறந்த வாசலைப் பற்றியோ புறப்பட்டுச் செல்லும் நதியைப் பற்றியோ அத்துணை கேட்கிறதில்லை.

அகுஸ்தீன் 410-இல் ரோமாபுரி சூறையாடப்பட்ட பின் எழுதிய 'தேவ நகரம்' இரு நகரங்களை இரு அன்புகளின் வழியாகப் பிரித்தது. இறையியல் மாணவர் அதனை நன்கு அறிவர். இங்கு விரித்தல் வேண்டா.

கிருஷ்ண பிள்ளையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1827-இல் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். 1894-இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக அமைந்தது. கம்பரைத் தம் குருவாகக் கொண்ட இவர் கம்பரின் ஒற்றை அயோத்தியை விட்டு இரு நகரங்களுக்கிடையே கதையை நிறுத்தினார். ஒன்று அழியப்போகும் நாசபுரி, மற்றது முத்திநகர். இடையே ஒரு நதி உண்டு. ஆனால் அது வயலுக்குப் பாயும் நதி அன்று. பாலமில்லாத மரண நதி. தமிழ்க் காப்பிய நகரங்களின் வரலாற்றில் நதிக்கு இப்படி ஒரு பொருள் ஏற்பட்டது பெரிய திருப்பம் எனலாம். சுற்றத்தையும் குலப்பெருமையையும் விட்டுப் புறப்பட்ட ஒருவருக்கு இக்கதை தம் வாழ்க்கையாகவே இருந்திருக்கும். அதனைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமை இல்லை.

எனினும் ஒன்றைச் சொல்லாதிருக்க முடியவில்லை. நம் சபைகளில் அடக்க ஆராதனை தோறும் பிரசங்கிக்கப்படும் நகரம் பெரும்பாலும் பனியனின் நகரமே, யோவானின் நகரம் அன்று. பனியனின் நகரத்துக்கு மனிதன் ஏறிச் செல்கிறான். யோவானின் நகரமோ பரத்திலிருந்து இறங்கி வருகிறது. ஏறிச் செல்பவனுக்கு விட்டுச்சென்ற ஊரைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை, அது நாசபுரி. இறங்கி வரும் நகரம் இந்தப் பூமியை, இந்த வெடித்த கரிசலை, நோக்கியே வருகிறது. கைம்பெண்ணுக்கு ஆறுதல் கூறும் வேளையில் முந்தியதைச் சொல்வது இயல்பு. முந்தியதை மட்டுமே ஆண்டு முழுவதும் சொல்வதுதான் கேடு.

தென் திருநெல்வேலித் திருச்சபையின் முன்னோர் இதை ஓரளவு உணர்ந்திருந்தனர் போலும். 1799-இல் உருவான முதலூர் தொடங்கி நாசரேத், மெஞ்ஞானபுரம் எனத் திருமறைப் பெயரும் ஞானப்பெயரும் சூட்டிய குடியிருப்புகளைத் துன்புறுத்தப்பட்டோருக்காக அமைத்தனர். கற்பனை நகரின் ஒரு வீதியைத் தேரி மணலில் இறக்கிப் பார்த்த முயற்சி அது. கரிசலிலோ அத்தகைய குடியிருப்புகள் அவ்வளவு எழவில்லை. கரிசலின் எழுத்தாளராகிய இடைசெவல் கி. ராஜநாராயணன் 1976-இல் 'கோபல்ல கிராமம்' என்னும் நாவலில் தம் கற்பனை ஊரை எழுப்பியபோது அது தலைநகராக அமையவில்லை. தங்கள் பெண்ணொருத்தியைக் காக்க அரசனுக்கு அஞ்சி ஓடிவந்தோர் காட்டைத் திருத்தி அமைத்த சிற்றூர் அது. நகரப் படலத்துக்குக் கரிசல் தந்த மறுமொழி என இந்நாவலைப் படிக்கலாம்.

கோவில்பட்டி இன்று குடிப்பது அவ்வூர் நீரை அன்று. தெற்கே சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுத்துக் குழாய்வழியே கொண்டுவரப்படும் நீர் அது. மேற்கு மலையில் பெய்த மழை, நெல் வயல்களைக் கடந்து, நகரத்தின் குழாயில் வந்து முடிகிறது. நாட்டுப் படலத்தின் வரிசை அப்படியே இருக்கிறது. அக்குழாய் செல்லாத சிற்றூரில் ஊழியம் செய்யும் போதகர் வெளிப்படுத்தல் 22-ஐ வாசிக்கும்போது, குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு ஆராதனைக்கு வந்த தாய்மார் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். நதி நகரத்திலிருந்து தங்கள் பக்கம் வருகிறது என அவர்கள் அன்று முதன்முறையாகக் கேட்கக்கூடும்.

எசேக்கியேலில் பிரசங்கிகள் பொதுவாகத் தாண்டிச் செல்லும் ஒரு வசனம் உண்டு. நதி சென்ற இடமெல்லாம் நலமடைந்தாலும், அதன் உளையான பள்ளங்களும் சதுப்புகளும் நலமடையாமல் உப்புக்கு விடப்படும் எனப் பதினோராம் வசனம் கூறுகிறது. இதனைத் தண்டனை எனக் கொள்வோர் உளர். உப்பு, பலிக்கும் உணவுக்கும் வேண்டியதாகையால் அது கருணையே எனக் கொள்வோரும் உளர். கரிசலுக்குக் கிழக்கே வேப்பலோடை முதல் தூத்துக்குடி வரை உப்பளங்களில் உழைக்கும் மக்களுக்குப் பிரசங்கிப்போர் பிந்தியதையே தெரிந்துகொள்வர் என எண்ணுகிறோம்; நன்னீர் வந்த நகரத்திலும் உப்பு விளைவிப்பவனுக்கு அவன் பாத்தியை விட்டுவைக்கிறது அத்தீர்க்கதரிசனம்.